வாய்க்கால் வறண்டிருக்கும்போது நெல்லுக்குத் தழைச்சத்து எப்போது? கேள்வி பதில்

தை பிறந்துவிட்டால் சானலின் கடைசியில் இருக்கும் கடைவரம்பு வயல்களிலிருந்து ஏறக்குறைய ஒரே கேள்விதான் வரும். சானலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள், மழையைக் காணோம், பயிர் வெளிறுகிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) தரும் யூரியாவை எப்போது போடுவது, இல்லை கரைத்துத் தெளித்துவிடலாமா? இந்த முறை வந்தவற்றில் குமரி மாவட்டத்தின் இரண்டாம் பருவமான கும்பப்பூ நெல் பற்றியவையே அதிகம். முதல் பருவமான கன்னிப்பூ பற்றியும் ஒன்று உண்டு. வாழை பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அது தனிக் கதை.

தேரூரிலிருந்து: நட்டு 25 நாள் ஆகிறது. வயல் வெடித்துவிட்டது. முறைத் தண்ணீர் வர இன்னும் 5 நாள் ஆகும். இப்போதே யூரியாவை வீசிவிட்டால், தண்ணீர் வந்ததும் கரைந்து இறங்கிவிடும் அல்லவா, அண்ணாச்சி?

இறங்கும், தம்பி. ஆனால் வெடிப்பு வழியாக வேரையும் தாண்டி இறங்கும். அதற்கு முன்பே இன்னொரு வழியில் நட்டம் தொடங்கிவிடும். விடியற்காலைப் பனியில் யூரியா மணி நனைந்து கரையும், ஆனால் மண்ணுக்குள் போகும் அளவுக்கு அங்கே ஈரம் இருக்காது. மண்ணிலும் காய்ந்த தாளிலும் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி அதை அம்மோனியாவாக உடைக்கும். வெயில் ஏறினால் அது காற்றோடு போய்விடும். முற்றிலும் காய்ந்த மண்ணில்கூட யூரியா கொஞ்ச நாள் சும்மா கிடக்கும். அரைகுறை ஈரம்தான் மிக மோசம்.

முதலில் தண்ணீர் வரட்டும். வெடிப்புகள் குடித்து மூடிக்கொள்ளட்டும். மறுநாள் தண்ணீர் மண்ணோடு ஒட்டிய படலமாக வற்றியதும், மாலையில் யூரியாவைப் போடுங்கள். 2 நாள் கழித்து மீண்டும் தண்ணீர் கட்டுங்கள். முறை முடிந்து தண்ணீர் கிடைக்காது என்றால், முதல் தண்ணீரிலேயே கொஞ்சத்தை மேல் தடத்தில் நிறுத்தி வைத்து அதையே இறக்கிக்கொள்ளலாம். எதுவானாலும் உரம் போட்ட பிறகு மடையை அடைத்துவிடுங்கள். திறந்து கிடந்தால் உங்கள் யூரியாவில் கீழ் வயல்காரர் பயிர் வளர்ப்பார்.

முட்டளவு தண்ணீரில் யூரியா வீசும் பழக்கமும் வேண்டாம். தேங்கிய நீரில் பாசி இருந்தால் நண்பகலில் நீரின் காரத்தன்மை ஏறும், அம்மோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். வெயிலும் காற்றும் சேர்ந்த நாளில் போட்டதில் பாதி வரைகூடப் போகலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வயல் வெடித்ததும் மண்ணுக்குள் காற்று புகுந்து, அங்கிருந்த அம்மோனியம் நைட்ரேட்டாக மாறியிருக்கும். மறுபடி தண்ணீர் கட்டியதும் அதில் ஒரு பகுதி வாயுவாகிப் போய்விடும். அதனால்தான் காய்ந்து நனைந்த வயல், உரம் போட்டிருந்தும் வெளிறுகிறது. மாற்றி மாற்றி ஈரமும் காய்ச்சலும் கொடுப்பது நல்ல முறைதான், ஆனால் மயிரிழை வெடிப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கால் விரல் நுழையும் அளவுக்குப் போகவிடக் கூடாது.

அகஸ்தீஸ்வரம் பக்கத்திலிருந்து: யூரியா கேட்டால் கூடவே இலையில் தெளிக்கும் நானோ யூரியா திரவப் பாட்டிலையும் எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு பாட்டில் ஒரு மூட்டைக்குச் சமம் என்கிறார்கள். வறட்சிக்கு இதுதான் நல்லதா?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2021இல் வந்த நானோ யூரியாவில் தழைச்சத்து 4 சதவீதம். அரை லிட்டர் பாட்டிலில் 20 கிராம். 45 கிலோ மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல். ஆயிரம் மடங்கு வித்தியாசம். பின்னால் வந்த 20 சதவீதப் பாட்டிலிலும் 100 கிராம்தான். இலை வழியே வீணாகாமல் போகிறது என்று அதைத் தயாரிக்கும் நிறுவனம் சொல்லும் வாதத்தை முழுதாக ஒப்புக்கொண்டாலும், 20 கிராம் 20 கிலோ ஆகிவிடாது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் நெல்லிலும் கோதுமையிலும் மேலுரத்தின் (பயிர் வளரும்போது தவணையாகப் போடும் உரத்தின்) ஒரு பங்கை இதை வைத்து ஈடுகட்டிப் பார்த்தபோது விளைச்சல் குறைந்ததாகவே தெரிவித்தது. வாங்கிவிட்டீர்கள் என்றால் லிட்டருக்கு 2 முதல் 4 மி.லி. கலந்து தெளியுங்கள், கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் அதை நம்பி மூட்டையைக் குறைக்காதீர்கள்.

தக்கலையிலிருந்து: என் வயல் 60 சென்ட். 16 லிட்டர் தெளிப்பானில் 2 டம்ளர் யூரியா கரைத்து அடித்தேன். இலை நுனி எல்லாம் தீய்ந்துவிட்டது. மருந்து சரியில்லையா?

மருந்தின் மேல் பழி போடாதீர்கள். டம்ளர்தான் குற்றவாளி. 1 சதவீதக் கரைசல் என்றால் 16 லிட்டருக்கு 160 கிராம். எடைத் தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் கணக்கு, அதாவது 12 அல்லது 13 டாங்க், மொத்தம் 2 கிலோ யூரியா. உங்கள் 60 சென்ட்டுக்கு 120 லிட்டர், 1.2 கிலோ போதும்.

கரைப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. யூரியா கரையும்போது தண்ணீரின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். வாளியின் பக்கத்தைத் தொட்டால் பானைத் தண்ணீர்போல் சில்லென்று இருக்கும். அந்தக் குளிர்ச்சியில் கரைவது மந்தமாகும் என்பதால் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மறுபடி கிண்டுங்கள். இப்போது வருவதெல்லாம் வேம்பு பூசிய யூரியா. எண்ணெய்ப் படலமும் கசடும் மேலே மிதக்கும். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டி ஊற்றினால் நாசில் அடைக்காது. அடைத்த நாசில்தான் பல நேரம் பனிப்படலமாகத் தெளிக்காமல் சொட்டுச் சொட்டாகக் கொட்டி இலையைச் சுடுகிறது.

பிறகு நேரம். காலை 8 மணிக்கு முன்பு, அல்லது மாலை 4 மணிக்குப் பின்பு. வறட்சியில் இதைவிட முக்கியமான சோதனை ஒன்று: காலை 8 மணிக்கே இலை ஊசிபோல் சுருண்டு நின்றால் அன்று யூரியா தெளிக்காதீர்கள். பயிர் இலைத்துளைகளை மூடிக்கொண்டு தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறது. அப்போது மேலே யூரியா விழுந்தால் தீயும். அந்த நிலையில் 1 சதவீத பொட்டாஷ் கரைசல் மட்டும் கொடுங்கள். சுருள் அவிழ்ந்த பிறகு யூரியாவைப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த 2 கிலோவில் தழைச்சத்து ஒரு கிலோகூட இல்லை. குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து பரிந்துரை; 4 தவணையாகப் பிரித்தால் ஏக்கருக்கு ஒரு தவணை 12 கிலோ, யூரியாவாக 26 கிலோ. ஆகவே இலைத் தெளிப்பு, தண்ணீர் வரும்வரை பயிரைத் தாங்கிப் பிடிக்க மட்டும்தான். 26 கிலோவையும் தெளிப்பானில் ஏற்ற முடியாது.

ஒரு டிராக்டர் உரிமையாளர்: ஆள் கிடைக்கவில்லை. டிரோனில் யூரியாக் கரைசல் அடிக்கலாமா?

டிரோன் ஏக்கருக்கு 10 லிட்டர் அளவில்தான் தெளிக்கும். அந்த 2 கிலோவை 10 லிட்டரில் கரைத்தால் 20 சதவீதக் கரைசல். வேண்டாம்.

மார்த்தாண்டத்திலிருந்து: என் மகன் இங்கிலாந்தில் ஒரு கோதுமைப் பண்ணையில் வேலை பார்க்கிறான். அங்கே மூட்டையே கிடையாதாம், தொட்டியில் வரும் திரவ தழைச்சத்து உரம்தானாம். மழை இல்லாத வசந்த காலத்திலும் அதைப் போடுகிறார்களாம். நமக்கு ஏன் இல்லை?

அது யூரியாவும் அம்மோனியம் நைட்ரேட்டும் சேர்ந்த கரைசல். தழைச்சத்து 28 முதல் 32 சதவீதம் வரை இருக்கும். அதில் பாதி யூரியாவிலிருந்து வருவது, மீதி அம்மோனியமும் நைட்ரேட்டும் சரிபாதி. இலையில் பனிப்படலமாகத் தெளித்தால் கருகும் என்பதால் தாரை தாரையாக மண்ணில் விழும் நாசில்களை வைத்திருப்பார்கள். வறட்சி நீளும் என்று தெரிந்தால் மேல்மண் ஈரம் இருக்கும்போதே தவணையை முன்னுக்குக் கொண்டுவருவார்கள். அதில் நமக்கும் பாடம் உண்டு: முறைத் தண்ணீர் தள்ளிப் போகும் என்று அறிவிப்பு வந்தால், இருக்கும் ஈரத்திலேயே நான்கைந்து நாள் முந்திப் போட்டுவிடுவது காத்திருப்பதைவிட மேல்.

ஆனால் அந்த உரம், சேறு கலக்கி நீர் கட்டும் நம் தொளி வயலுக்கு ஆகாது. கோதுமை காற்றோட்டமுள்ள மண்ணில் நிற்கிறது, நைட்ரேட்டை உடனே எடுத்துக்கொள்ளும். நீர் கட்டிய வயலில் நைட்ரேட் நிலைக்காது. அடியில் இறங்கும் அல்லது வாயுவாகும். நம் உர ஒழுங்குமுறை ஆணையின் பட்டியலிலும் 32 சதவீதக் கரைசல் இருக்கிறது. நெல்லுக்காக அதைத் தேடி அலைய வேண்டாம் என்பதே என் எண்ணம்.

தோவாளையிலிருந்து ஒரு சகோதரி: கதிர் உருவாகும் பருவத்தில் உரம் தவறக் கூடாது என்கிறார்கள், அண்ணாச்சி. வறட்சியில் நாள் கணக்கு தப்புகிறது. வெளியே ஒன்றும் தெரியாதபோது எப்படிக் கண்டுபிடிப்பது?

அறுவடைக்கு 60 முதல் 65 நாள் முன்பு அது தொடங்கும். அம்பை 16 போன்ற 110 நாள் ரகத்தில் விதைத்ததிலிருந்து 45 முதல் 50 நாள். நீங்கள் சொல்வது சரிதான், தண்ணீர் குறைந்தால் இது தள்ளிப் போகும். ஆகவே பயிரையே கேளுங்கள். தூரில் உயரமான தாய்ச் சிம்பைப் பிடுங்கி, வேரை நறுக்கிவிட்டு, பிளேடால் அடியிலிருந்து மேலாக நெட்டாகப் பிளந்து பாருங்கள். கடைசிக் கணுவுக்கு மேலே, வெள்ளைப் பஞ்சு நுனிபோல் 1 அல்லது 2 மில்லிமீட்டரில் ஒன்று நிற்கும். அதுதான் கதிர். வயலில் நாலைந்து இடத்தில் பார்த்து, பெரும்பாலானவற்றில் தெரிந்தால் அந்த வாரத் தண்ணீர் இந்த உரத்துக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். கணவரோடு சண்டை வந்தாலும் பரவாயில்லை, அந்தத் தண்ணீரை விட்டுக்கொடுக்காதீர்கள்.

தண்ணீர் வரவே வழியில்லை, ஆனால் இலை சுருளவில்லை என்றால், 200 லிட்டரில் 2 கிலோ யூரியா, 4 கிலோ டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்), 2 கிலோ பொட்டாஷ் கலந்து தெளியுங்கள். 10 நாள் கழித்து இன்னொரு முறை. டி.ஏ.பி.யை முந்தின இரவே ஊறவைத்துத் தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும்.

வெளிறல் உரக் குறையா, தண்ணீர்க் குறையா?

கீழ் இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்து. எல்லா இலையும் நண்பகலில் சுருண்டு மாலையில் விரிந்தால் தண்ணீர். ஐயம் தீரவில்லை என்றால், இலையின் பச்சையை எண்ணிட்ட நிறங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டை வாங்குங்கள். முழுதாக விரிந்த இளைய இலையின் நடுப்பகுதியை, உங்கள் உடம்பு நிழலில் வைத்துப் பாருங்கள். 10 இலையில் 6 இலை 4ஆம் எண்ணுக்குக் கீழே இருந்தால் உரம் போடலாம். பக்கத்து வயல் கரும்பச்சையாக இருக்கிறதே என்று போடுவது இலைச் சுருட்டுப் புழுவையும் குலைநோயையும் காசு கொடுத்து அழைப்பது.

பூதப்பாண்டியிலிருந்து: கன்னிப்பூவுக்குப் பொடி விதைப்பு (காய்ந்த மண்ணில் விதைப்பது). தென்மேற்குப் பருவமழை தாமதித்தால் முதல் மேலுரத்தை என்ன செய்வது?

மழை வரும்வரை வைத்திருங்கள். ஒரு தூறலை நம்பிப் போடாதீர்கள். தூறல் யூரியாவை நனைக்கும், இறக்காது. உள்ளே இறங்க 10 முதல் 15 மில்லிமீட்டராவது ஒரே மூச்சில் பெய்ய வேண்டும். உங்கள் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். நனைந்த மண்ணில் கிடக்கும் யூரியாவுக்கு அதைவிட எமன் இல்லை. இலைத் தெளிப்பும் அந்தக் காற்றில் பாதி வரப்புக்குத்தான் போகும். விடியற்காலையில் மட்டும் முயலுங்கள். மழை குறைவாகப் பெய்து, காத்திருக்கவும் முடியவில்லை என்றால் அம்மோனியம் சல்பேட் போடலாம், அது யூரியா அளவுக்கு ஆவியாகாது. தழைச்சத்து 20.6 சதவீதமே என்பதால் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும், செலவும் கூடும். கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்புறை மண்ணுக்கு அதை வழக்கமாக்கக் கூடாது. ஏற்கனவே உள்ள புளிப்பு இன்னும் ஏறும்.

சுசீந்திரத்திலிருந்து: கதிர் வெளியே வந்துவிட்டது. பேச்சிப்பாறை அணையை மாசிக் கடைசியில் அடைத்துவிடுவார்கள் என்கிறார்கள். கடைசித் தவணை யூரியா கையில் இருக்கிறது. போடவா?

பத்தில் ஒன்று இரண்டு கதிர்தான் எட்டிப் பார்க்கிறது, ஒரு தண்ணீர் உறுதி என்றால் போடுங்கள். பாதிக்கு மேல் வந்துவிட்டால் வேண்டாம். மூட்டையை ஈரம் படாமல் கட்டி வையுங்கள், கன்னிப்பூவுக்கு ஆகும். அந்தத் தண்ணீரைப் பால் பிடிக்கும் நாட்களுக்கு விட்டு வையுங்கள். பொட்டாஷ் தெளிப்பதானால் மாலை 4 மணிக்குப் பிறகு. காலை 9 முதல் நண்பகல் வரை நெல் பூத்திருக்கும், அப்போது வயலுக்குள் தெளிப்பானோடு இறங்காதீர்கள்.