ஓசி சிக்கன் டின்னர்: பிஜிஎம்ஐ ரேண்டம் ஸ்குவாடில் ஒட்டிக்கொண்டு வருபவனை என்ன செய்வது?

கேள்வி இது: "பிஜிஎம்ஐ-யில் ரேண்டம் ஸ்குவாட் போட்டால் எப்போதும் ஒருத்தன் சண்டைக்கே வராமல் பின்னாலேயே சுற்றுகிறான். நாங்கள் மூன்று பேரும் செத்துப்போக, அவன் புல்லில் படுத்துக்கொண்டு பாயிண்ட் வாங்கிவிடுகிறான். இவர்களை எப்படிக் கையாள்வது?"

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பிஜிஎம்ஐ (Battlegrounds Mobile India) போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம், கடைசிவரை உயிரோடு நிற்கும் அணிக்குக் கிடைக்கும் வெற்றிதான் "சிக்கன் டின்னர்", முன்பின் தெரியாத நான்கு பேரை கேமே சேர்த்துவிடும் அணிதான் ரேண்டம் ஸ்குவாட். நீங்கள் எரங்கல் மேப்பில் ரேங்க் ஏற்றுகிறீர்கள், அனேகமாக பிளாட்டினத்திலோ டயமண்டிலோ நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்த ஆட்கள் அதிகம் தட்டுப்படுவது அங்கேதான். கீழ் ரேங்குகளான ப்ரான்ஸ் (Bronze), சில்வரில் எதிரில் வருவதில் நிறைய பாட், அதாவது கம்ப்யூட்டரே ஆட்டும் ஆட்கள். ஒருத்தன் சும்மா இருந்தாலும் உறைக்காது. ஏஸுக்கு மேலே போனால் பலரும் தெரிந்த நண்பர்களோடு சேர்ந்தே வருகிறார்கள். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி.

அவன் ஏன் அப்படி ஆடுகிறான் என்றால், கேம் அதற்குக் கூலி கொடுக்கிறது. ரேங்க் பாயிண்ட் கில்லுக்கு மட்டும் வருவதில்லை. எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தாய், எத்தனையாவது இடத்தில் முடித்தாய் என்பதற்கும் வருகிறது. 100 பேர் இறங்கும் ஆட்டத்தில் ஒரு துப்பாக்கிச் சூடுகூட இல்லாமல் கடைசிப் பத்துக்குள் வருவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. இதை "ரேங்க் புஷ் டிப்ஸ்" என்று பெயர் வைத்து வீடியோ போட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள் வேறு. சோலோவில் அப்படி ஆடுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. ஸ்குவாடில் அப்படி ஆடினால் மற்ற மூன்று பேரும் ஒவ்வொரு சண்டையிலும் நான்கு பேரை எதிர்த்து நிற்க வேண்டியிருக்கிறது.

அதே நேரம், கில் இல்லாதவனெல்லாம் ஓசி கிடையாது. இதைச் சொன்னால் "நீயும் கேம்பர்தானா" (ஒளிந்தே ஆடுபவனா) என்று கமெண்ட் வரும், பரவாயில்லை. பூஜ்யம் கில்லோடு முடிப்பவன் அடிபட்டு விழுந்த இரண்டு பேரை ரிவைவ் செய்து எழுப்பியிருப்பான், வண்டி ஓட்டியிருப்பான், எதிரி இருக்கும் திசையைச் சரியாகச் சொல்லியிருப்பான். கல்யாண வீட்டில் பரிமாறுகிற நேரத்தில் காணாமல் போய், முதல் பந்தியில் மட்டும் இலை முன்னால் உட்காருகிற ஆள்தான் ஓசி. டீமின் லூட் (பொறுக்கிய ஆயுதம், மருந்து), வண்டி, ஸ்மோக் (புகைக்குண்டு) எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தகவல், கவர், ரிஸ்க் மூன்றில் ஒன்றையும் திருப்பித் தராதவன்.

ஆளை அடையாளம் காண முதல் இரண்டு மூன்று நிமிடம் போதும். விமானத்திலிருந்து குதிக்கும்போது மூன்று பேர் பொச்சிங்கி என்ற ஊரில் மார்க் போட்டிருக்க, ஒருத்தன் மட்டும் ஒரு கிலோமீட்டர் தள்ளி ஓரத்தில் இருக்கும் நாலு வீட்டுக்கு இறங்கினால் அது முதல் அறிகுறி. மொத்தமாக ஒரே வீட்டில் இறங்குவதும் தப்புதான். நான்கு பேருக்கு இரண்டு துப்பாக்கி கிடைத்து, மீதி இரண்டு பேர் கைகளால் குத்திக்கொண்டு நிற்பார்கள். இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, ஒருவர் கூப்பிட்டால் பத்துப் பதினைந்து விநாடியில் வந்து சேரும் தூரத்தில், அதாவது 50 முதல் 100 மீட்டருக்குள் இறங்குவது நல்லது.

லூட்டில்தான் பாதிச் சண்டை. ஒரு ரைஃபிளுக்கு 150 முதல் 200 ரவுண்டு, நான்கைந்து ஃபர்ஸ்ட் எய்ட், நான்கைந்து எனர்ஜி டிரிங்க், கட்டாயமாக இரண்டு ஸ்மோக். இதற்கு மேல் தூக்குவதெல்லாம் அடுத்தவன் பங்கு. எம்416 ரைஃபிளில் போகாத 7.62 தோட்டா அதை வைத்திருப்பவனுக்கு எதற்கு? ஸ்னைப்பரே இல்லாதவன் 8எக்ஸ் ஸ்கோப்பை (தூரத்தைக் கிட்டே காட்டும் கண்ணாடி) பையில் வைத்திருப்பது எதற்கு? கேட்டால் "அப்புறம் கார்98 ஸ்னைப்பர் கிடைக்கும்" என்பான். கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போது வைத்திருப்பவனுக்குப் போடு. எதிரியை அடித்துவிட்டு, அவன் விட்டுப்போன கிரேட் பெட்டியைத் திறக்கும்போது முதல் உரிமை அடித்தவனுக்கு. ஆனால் அவனிடம் ஏற்கெனவே லெவல் 3 வெஸ்ட் (கவச உடை) இருந்து, பக்கத்தில் நிற்பவன் லெவல் 1-ல் இருந்தால், விட்டுக்கொடுப்பதில் டீமுக்கே லாபம். லெவல் 1 வெஸ்ட் அடியில் 30 சதவீதம்தான் தடுக்கும், லெவல் 3 என்றால் 55. சண்டை முடியாமலே கிரேட்டுக்கு ஓடுகிறவனைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவன் கிரேட் மெனுவைத் திறந்து வைத்திருக்கும் நேரம் முழுக்க உங்கள் பக்கம் ஒரு துப்பாக்கி குறைவு.

"நான் பின்னால் இருந்து கவர் கொடுக்கிறேன்" என்று சொல்பவனை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. துப்பாக்கியைக் கையில் எடுக்காமல் முழு வேகத்தில் ஓடினாலே விநாடிக்கு 6 மீட்டர் சொச்சம்தான். 200 மீட்டர் பின்னால் இருப்பவன் வந்து சேர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு ரிவைவுக்கு 10 விநாடி. நீங்கள் எதிரியில் ஒருவனை நாக் செய்த (சாகாமல், எழ முடியாதபடி விழவைத்த) நொடியில் அவர்கள் மூன்று பேர், அதில் ஒருவன் ரிவைவுக்காக மண்டியிட்டுக் கிடப்பான், உண்மையில் துப்பாக்கி பிடிப்பது இரண்டே பேர். புஷ் பண்ண (முன்னேறி அடிக்க) வேண்டிய நேரம் அந்தப் பத்து விநாடிதான். பின்னால் இருப்பவன் வந்து சேர்வதற்குள் அவர்கள் மறுபடி நான்கு பேராகி, மருந்தும் போட்டு முடித்திருப்பார்கள். கவர் கொடுப்பவன் எதிரி தெரியும் இடத்தில், 40-50 மீட்டர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். நேர் பின்னால் நிற்பவனுக்குத் தெரிவதெல்லாம் உங்கள் முதுகு.

நீங்களே நாக் ஆகிவிட்டால், பலரும் செய்யும் தவறு மைக்கில் "ரிவைவ், ரிவைவ்" என்று கத்துவது. அந்தச் சத்தத்தில் காப்பாற்ற வருகிறவனுக்கு எதிரியின் காலடி கேட்காது. வாயை மூடி, ஊர்ந்து ஒரு சுவருக்குப் பின்னால் போய், திசையை மட்டும் சொல்லுங்கள்: "240, சிவப்பு வீடு, மாடி ஜன்னல், ஒருத்தன்." காம்பஸ் எண், அடையாளம், எத்தனை பேர், இவ்வளவு போதும். "அங்க அங்க, லெஃப்ட்ல" என்றால் யாருடைய லெஃப்ட்? காப்பாற்ற வருபவனும் ஓடிவந்து உடனே உட்காரக்கூடாது. முதல் ஸ்மோக் எதிரிக்கும் விழுந்தவனுக்கும் நடுவில், இரண்டாவது விழுந்தவன் மேல். புகை நன்றாகப் பரவும்வரை சில விநாடி பொறுத்து, அப்புறம் உள்ளே போக வேண்டும். புகை போட்ட கையோடு நுழைந்தால் எதிரிக்கு ஆள் நிழலாகத் தெரியும், ஒரே கிரனேடில் இரண்டு பேரும் காலி. எழுப்பிய பிறகு ஃபர்ஸ்ட் எய்ட் 75 வரைதான் ஏற்றும், மேலே போக டிரிங்க் வேண்டும். எழுந்தவனிடம் அது இல்லாவிட்டால் ஒன்று போட்டுவிட்டுப் போவதுதான் நாகரிகம்.

இங்கே ஓசி ஆளால் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஸ்குவாடில் நின்றுகொண்டிருக்கும் கடைசி ஆள் விழுந்தால், ஏற்கெனவே நாக் ஆகிக் கிடப்பவர்கள் எல்லோரும் அந்த நொடியே அவுட். ஒருத்தன் எங்கோ உயிரோடு இருக்கும்வரை நீங்கள் ஊர்ந்துகொண்டாவது இருக்கலாம். முதல் முறை நாக் என்றால் ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்கும். அடுத்தடுத்த முறை ரத்தம் வேகமாக இறங்கும். ஆகவே 200 மீட்டர் தள்ளிப் படுத்திருப்பவனைத் திட்டி விரட்டாதீர்கள். "ப்ரோ, எதிரி ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள, கிழக்குப் பக்கம் சுவர் இருக்கு, ஸ்மோக் போட்டு வாங்க" என்று வழி சொல்லுங்கள். இவர்களில் பாதிப்பேருக்குப் பேராசை எல்லாம் இல்லை, பயம்தான். குறிப்பாக ஒரு வேலை கொடுத்தால் செய்வார்கள். "நீங்க மாடில நின்னு 180 பக்கம் மட்டும் பாருங்க" என்றால், எதிரி வரும்போது குறைந்தது சத்தமாவது போடுவான்.

உண்மையாகவே பேராசைக்காரன் என்றால், மூன்று பேர் டீமாக எண்ணி ஆடுங்கள். அவன் வருவான் என்று நம்பிப் புஷ் போகாதீர்கள், உங்கள் மருந்தை அவன் முன்னால் தரையில் போடாதீர்கள், நான்கு பேர் உட்காரக்கூடிய யுஏஇசட் வண்டியின் ஸ்டியரிங்கை அவனிடம் விடாதீர்கள். சண்டை சத்தம் கேட்டதும் வண்டியோடு ஜோனுக்குள் (பாதுகாப்பு வட்டத்துக்குள்) போய்விடுவான், நீங்கள் ப்ளூ ஜோனில் (வட்டத்துக்கு வெளியே, உயிர் குறையும் பகுதியில்) ஓடிவர வேண்டியதுதான். கோபத்தில் அவன் மேல் கிரனேட் போடுவது, வண்டி ஏற்றுவது எல்லாம் வேண்டாம். கூட ஆடுபவனைக் கொன்றால் மெரிட் (நன்னடத்தைப் புள்ளி) குறைவது உங்களுக்குத்தான், சும்மா படுத்திருந்த அவனுக்கு ஒன்றும் ஆகாது. இந்த விஷயத்தில் கேம் காட்டுகிற நியாயம் இவ்வளவுதான்.

மைக் போடாதவனை ஓசி என்று முத்திரை குத்துபவர்களிடம் எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தோன்றினால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள். ஒரு பெண் மைக்கைத் திறந்து "ஹலோ" சொன்னதும் ரேண்டம் ஸ்குவாடில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். ஐடி கேட்பான், இன்ஸ்டா கேட்பான், பதில் வராவிட்டால் கெட்ட வார்த்தை. அப்புறம் அவர்கள் மைக்கை மூடி வைத்து ஆடினால் "டீம் பிளே தெரியல" என்று ரிப்போர்ட் அடிப்பான். தமிழ் மட்டும் தெரிந்த பையன்களுக்கும் இதே கதை: "இந்தி போலோ பாய்" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு நூப் (ஆடத் தெரியாதவன்) என்பான். மைக் இல்லாமலே நன்றாக ஆடலாம். மேப்பில் மார்க், குயிக் சாட்டில் "எதிரி முன்னால்", பையைத் திறந்து தேவையான தோட்டாவைக் கேட்கும் பொத்தான், இவை மூன்றுக்கும் மொழியும் வேண்டாம் குரலும் வேண்டாம். இவற்றில் ஒன்றைக்கூடத் தொடாதவனைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நெட், போன் பிரச்சினையையும் ஓசியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். குறைந்த ரேம் உள்ள போன் இருபது நிமிடத்தில் சூடாகி, கடைசி ஜோனில் படம் படமாக நிற்கும். பிங் (நெட் தாமதம்) 150 மில்லி விநாடியைத் தாண்டினால் அவன் சுட்டது உங்களுக்கே தாமதமாகத்தான் தெரியும். அப்படிப்பட்டவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்லது. சின்னப் பசங்களுக்கும் ஒரு வார்த்தை: 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம் என்ற கட்டுப்பாடு இருக்கிறது. எரங்கல் ஆட்டம் ஒன்று அரை மணி நேரத்தை நெருங்கும். இருபது நிமிடம் பாக்கி வைத்துக்கொண்டு ரேங்க் ஸ்குவாடுக்கு வராதீர்கள், சீக்கிரம் முடியும் டீம் டெத்மேட்ச் ஆடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் ரிசல்ட் பக்கத்தில் கில்லை விட்டுவிட்டு டேமேஜ் (எதிரிக்குக் கொடுத்த அடி) பாருங்கள். எதிரியை 90 இறக்கியது ஒருத்தன், கடைசி 10-ஐ அடித்து நாக் வாங்கியது இன்னொருத்தன் என்பது தினமும் நடப்பது. 25 நிமிடம் உயிரோடு இருந்து, டேமேஜ் 20, ரிவைவ் பூஜ்யம் என்று இருந்தால் அவன்தான் நீங்கள் கேட்ட ஆள். 300 டேமேஜ், பூஜ்யம் கில், இரண்டு ரிவைவ் என்று யாராவது இருந்தால் லாபிக்கு (கேமின் முகப்புப் பக்கத்துக்கு) திரும்புவதற்கு முன் ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். லாபிக்குப் போனபின் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.