குறும்படத்தில் தண்ணீரும் ஆயுளும்: கேள்வி பதில்

கேள்வி: பிறப்பு முதல் சாவு வரை பத்து நிமிடத்தில் சொல்லணும் சார். ஊற்று, ஆறு, கடல்னு மூணு ஷாட் வெச்சா போதுமா?

பதில்: போதாது. மூன்றும் காலண்டர் படமாக நின்றுவிடும். தண்ணீருக்குக் கதையில் ஒரு வேலை வேண்டும். நெதர்லாந்துக்காரர் மிஹாயெல் டுடோக் டி விட் 2000-இல் எடுத்த 'ஃபாதர் அண்ட் டாட்டர்' அனிமேஷனைப் பாருங்கள். எட்டு நிமிடம், வசனமே கிடையாது. அப்பா படகேறிப் போய்விடுகிறார். மகள் சைக்கிளில் அதே கரைக்கு வந்துகொண்டே இருக்கிறாள்: சிறுமியாக, குமரியாக, தாயாக, கிழவியாக. கடைசியில் தண்ணீர் வற்றிப் புல் மண்டிக் கிடக்கிறது. அதற்குள் நடந்து போய் ஒரு படகைக் கண்டு, அதில் சுருண்டு படுக்கிறாள். பிரித்த தண்ணீரே வழி விடுகிறது. (நீரை வடித்து நிலமாக்கிய நெதர்லாந்தில் இது மாயமாகக்கூடப் படாது.)

கேள்வி: அப்போ முதுமைன்னா வற்றித்தான் ஆகணுமா?

பதில்: ஜப்பானின் குனியோ கடோ 2008-இல் எடுத்த 'சுமிகி நோ இயே' அனிமேஷனில் நேர் எதிர். தண்ணீர் ஏற ஏறக் கிழவர் வீட்டின் மேல் தளம் தளமாகக் கட்டிக்கொண்டு போகிறார். அவர் புகைபிடிக்கும் பைப் நீருக்குள் விழ, அதை எடுக்க முங்குகிறவர் தன் பழைய நாட்களுக்குள் இறங்குகிறார். ஏறட்டும், வற்றட்டும்; நடுவில் திசை மாறினால் பார்ப்பவருக்கு வயதுக் கணக்கு தப்பிவிடும்.

கேள்வி: கொள்ளிக்குடம் உடைக்கிறதுதான் கடைசிக் காட்சி. எப்படி எடுக்கலாம் அண்ணே?

பதில்: பனிக்குடம் உடைந்து பிறப்பு, மண்குடம் உடைந்து முடிவு. இதை வசனத்தில் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள்.

மூன்று சுற்றையும் வெட்டாமல் எடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஓட்டை விழும். மட்டம் இறங்க இறங்க முதல் ஓட்டையின் பாய்ச்சல் தளர்ந்து, குடத்தின் வயிற்றோடு வழியத் தொடங்கும். அந்தத் தளர்ச்சிதான் காட்சி. நடுவில் நிரப்பினால் போச்சு.

அரிவாளால் நிஜமாகக் கொத்தினால் பல குடம் அப்படியே பிளக்கும். முந்தின நாள் ஊறவைத்து, 6 மி.மீ. துளை போட்டு, காயவிட்டு மெழுகால் அடையுங்கள், தட்டினால் திறக்கும். ஆறு குடமாவது கையில் இருக்கட்டும். கேமரா ஓட்டை உயரத்தில், வெயில் எதிரே. ஷட்டர் வேகம் 1/50 நொடி என்றால் நீர் இழையாக விழும், 1/500 என்றால் துளித்துளியாகத் தெறிக்கும். அதற்குப் பத்து மடங்கு வெளிச்சம் வேண்டும். எனக்கு இழைதான் பிடிக்கும்.

கேள்வி: குளத்துல முகம் தெரியணும். போலரைசர் போட்டும் தெரியலை.

பதில்: போட்டதால்தான் தெரியவில்லை. போலரைசர் என்பது பளபளப்பை வெட்டும் லென்ஸ் ஃபில்டர். நீர்ப்பரப்புக்கு 37 டிகிரி வாக்கில் பார்த்தால் அது பிரதிபலிப்பை அழித்து அடித்தரையைக் காட்டும். முகத்துக்குக் கழற்றிவிடுங்கள், முகத்தில் வெயில், தலைக்குப் பின்னால் இருண்ட மரநிழல். பையன் குனியும்போது அடிக்கூழாங்கல்லும், கிழவர் குனியும்போது தன் முகமும் தெரியவேண்டுமானால், அந்த ஒரே ஃபில்டரைத் திருப்பினாலே நடக்கும்.

கேள்வி: டியூப்லைட்ல சொட்டு விழுறதை 120 பிரேம்ல எடுத்தா மினுக்குது.

பதில்: நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். அதோடு ஒத்துப்போக நொடிக்கு 100 பிரேம், ஷட்டர் 1/100 வையுங்கள்.