ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) சத்தங்கள்: கேள்வி பதில்

கேள்வி அனுப்பியவர்களில் பாதிப் பேர் "ஒரு மாதிரி சத்தம் வருகிறது" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். எப்படிப்பட்ட சத்தம் என்பதைவிட, எப்போது வருகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குகிறதா, வண்டியின் ஓட்டத்தோடா? அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பேரி, ஒன்டாரியோ: அண்ணா, பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்று வாங்கினேன். நின்றபடி ஓடும்போது இடப்பக்கம் கடகடவென்கிறது. த்ரோட்டிலை அழுத்தினால் அடங்கிவிடுகிறது.

பிரைமரி கிளட்ச்தான், அதாவது இன்ஜினோடு சேர்ந்து சுற்றி பெல்ட்டை ஓட்டும் கிளட்ச். ஐட்லிங்கில் அது பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பதில்லை; உள்ளே இருக்கும் வெயிட், ரோலர் எல்லாம் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். இன்ஜினை அணைத்துவிட்டு, நகரும் தட்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நன்றாக லொடலொடவென்று ஆடினால் புஷ் (உள்ளே தேயும் வளையம்) தேய்ந்திருக்கும். ஐட்லிங் வேகம் குறைவாக வைக்கப்பட்டிருந்தாலும் இதே சத்தம் கூடும், அதை முதலில் பாருங்கள், செலவில்லை. கிளட்சைக் கழற்ற அதற்கான புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டும். சுத்தியலோடு கிட்டே போக வேண்டாம்.

சட்பரி: நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளப்பினால் அடியில் டக் டக் டக் என்று எதையோ தாண்டிக் குதிப்பது போல அடிக்கிறது. செயின் அறுந்துவிடுமா?

இது செயின் மாதிரி தெரியவில்லை, டிராக் (வண்டியை நகர்த்தும் அடிப்பட்டை) லூஸ். முன்னால் இருக்கும் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் டிராக்கின் உட்பக்கக் கட்டைகளில் சரியாக உட்காராமல் தாவுகின்றன. பிரேக்கை அழுத்திப் பிடித்தாலும் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் சந்தேகமே இல்லை.

பின் அச்சின் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்துச் சரிசெய்யும் போல்ட்டையும் ஒரே அளவு திருக வேண்டும். எவ்வளவு தொய்வு என்பது மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் கையேட்டைப் பாருங்கள். அப்புறம் பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி, டிராக்கை மெதுவாக ஓடவிட்டு, இரு பக்கமும் இடைவெளி சமமா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஒதுங்கினால், ஒதுங்கும் பக்கத்துப் போல்ட்டைச் சிறிது இறுக்க வேண்டும். அந்த நேரத்தில் வண்டிக்குப் பின்னால் ஆள் நிற்கவே கூடாது, பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். டிராக்கில் பதித்திருக்கும் ஸ்டட் (உலோக முள்) கழன்று பறந்தால் தோட்டா மாதிரிதான். லூஸ் என்றதும் சிலர் கம்பி மாதிரி இறுக்கிவிடுவார்கள். அதுவும் தப்பு, வண்டி இழுக்காது, பேரிங்கும் சீக்கிரம் போகும்.

ஒட்டாவா: காலையில் கிளப்பியதும் தட் தட் என்று அடித்து, கொஞ்ச தூரத்தில் தானாக நின்றுவிடுகிறது.

இரவெல்லாம் குளிரில் ஒரே வளைவில் கிடந்த பெல்ட் விறைத்துப் போயிருக்கிறது. சூடானதும் சரியாகிவிடும். பயப்பட ஒன்றுமில்லை.

எட்மன்டன்: வேகம் கூடக் கூட 'உய்ங்' என்று ஏறுகிறது. செயின்கேஸா (செயின் ஓடும் பெட்டி), பேரிங்கா?

ஆளில்லாத சமதளத்தில், ஓடும்போதே இன்ஜினை அணைத்து வண்டியை உருள விடுங்கள். உய்ங் அப்படியே தொடர்ந்து, வண்டி மெதுவாகும்போது கூடவே இறங்கினால், கோளாறு செகண்டரி கிளட்சிலிருந்து (பெல்ட்டின் மறுமுனையில் இருப்பது) கீழேதான். வீட்டுக்கு வந்து வண்டியைத் தூக்கி, போகி சக்கரங்களை (டிராக்கின் உட்பக்கம் உருளும் சிறு சக்கரங்கள்) ஒவ்வொன்றாக விரலால் சுற்றுங்கள். நல்லது சத்தமில்லாமல் சுற்றும், கெட்டது மணல் அரைபடுவது போல் கரகரக்கும். சக்கரங்கள் நன்றாக இருந்தால் செயின்கேஸ் ஆயிலை வடியுங்கள். உள்ளே இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கம்தான். பளபளவென்று செதிலாக உலோகத் துண்டுகள் வந்தால் திறந்துதான் ஆக வேண்டும்.

ஏரியில் வெறும் ஐஸ் மேல் போனால் கிறீச்சிடுகிறது, பிளாஸ்டிக் கருகும் வாடையும் வருகிறது.

கிறீச்சிடுவதும் கருகுவதும் டிராக்கின் உலோகக் கிளிப்கள் உரசி ஓடும் பிளாஸ்டிக் ஸ்லைடுகள்தான். பனித்தூள்தான் அவற்றுக்கு எண்ணெய். தூள் கிடைக்காவிட்டால் சூடேறி உருகும். இன்ஜின் வெப்பமும் ஏறும், ஏனென்றால் டனலில் (டிராக்குக்கு மேலே இருக்கும் கூடு) இருக்கும் ரேடியேட்டரைக் குளிர்விப்பதும் அதே தூள்தான். ஓரத்தில் பொடிப்பனி உள்ள பக்கம் ஒதுங்கி ஓட்டுங்கள். ஐஸ் ஸ்கிராட்சர் ஒரு ஜோடி மாட்டினால் அது ஐஸைக் கீறித் தூளை மேலே அள்ளிப் போடும்.

முழு த்ரோட்டிலில் டப்பாவில் கோலிக்குண்டு குலுங்குவது போல...

மீதியைப் படிக்காமலே சொல்கிறேன், த்ரோட்டிலை விடுங்கள். இது டெட்டனேஷன். பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கிறது, பிஸ்டனில் ஓட்டை விழ அதிக நேரம் ஆகாது. போன குளிர்காலத்துப் பெட்ரோலா? குறைந்த ஆக்டேனா? இரண்டில் ஒன்று ஆமாம் என்றால் டேங்கைக் காலி செய்துவிட்டு, கையேடு கேட்கும் பெட்ரோலை ஊற்றுங்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் இன்னொன்று: கடுங்குளிரில் காற்று அடர்த்தியாகிக் கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும். பூஜ்ஜியம் டிகிரிக்குப் பார்த்துப் போட்ட ஜெட் (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு துளை) மைனஸ் 30-க்குப் போதாது.

ரிவர்ஸ் பட்டனை அழுத்தினால் இன்ஜின் சாகப் போவது போல இழுத்து, இருமி, மறுபடி பிடிக்கிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. பல டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் ரிவர்ஸ் கியரே கிடையாது. இன்ஜின் கிட்டத்தட்ட நின்று, எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்குகிறது. அந்த இருமல் அதுதான்.

டிராக் கிளிப் பற்றிக் கேட்டவர் மாடலையும் ஆண்டையும் எழுதவில்லை. அனுப்புங்கள், அடுத்த முறை பார்க்கலாம்.