கழற்றிக் கட்டினாலும் பழைய கோயில்தானா?

கேள்வி: இந்தோனேசியாவின் போரோபுதூர் புத்தர் கோயிலைக் கழற்றித் திரும்பக் கட்டினார்களாமே, அப்புறம் அது எப்படிப் பழைய கோயில் ஆகும்?
– வாசகர், சூளகிரி

பதில்: பழசேதான். 1,200 வருஷக் கோயில் அது, உள்ளே மண்மேடு, அதில் மழைத்தண்ணீர் இறங்கிச் சுவர்களைச் சாய்த்துக்கொண்டே இருந்தது. 1975 முதல் 1982 வரை யுனெஸ்கோ உதவியோடு கீழ்த் தளங்களைப் பிரித்து, கற்களுக்கு எண் போட்டு, சுத்தம் செய்து, உள்ளே வடிகாலும் கான்கிரீட்டும் அமைத்து, எடுத்த கல்லை எடுத்த இடத்திலேயே வைத்தார்கள். 10 லட்சத்துக்கு மேல் கற்கள்! அந்த எண்கள் தொலைந்திருந்தால் கோயிலே போயிருக்கும். அதனால், உங்கள் பக்கத்து மல்லசந்திரத்தில் உள்ள கல்திட்டைகளுக்கு (பலகைக்கற்களால் கட்டிய பழங்கால ஈமச்சின்னங்கள்) போனால், சரிந்த பலகைக்கல்லை நிமிர்த்துகிறேன் என்று தயவுசெய்து தொடாதீர்கள். அது விழுந்து கிடக்கும் விதம்கூட ஆய்வாளருக்குத் தடயம்.