13 வாரக் கணக்கு: நொடித்துப்போன கம்பெனிகள் பற்றிக் கேள்வி பதில்

நொடித்துப்போன கம்பெனிகளில் சில மாதங்களுக்குத் தலைமைப் பொறுப்பேற்று, நிமிர்த்தவோ மூடவோ செய்கிற வேலை என்னுடையது. அடிப்படையில் ஆடிட்டர். வந்த கேள்விகளில் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

மதுரை வாசகர்: இன்டரிம் மேனேஜர் என்றால் கன்சல்டன்ட்தானே சார்?

இல்லை. கன்சல்டன்ட் அறிக்கை கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நான் செக்கில் கையெழுத்துப் போடுகிறவன். வழக்கு வந்தால் என் பெயரும் இருக்கும். ஜெர்மனியில் கம்பெனியால் கடனைக் கட்ட முடியாத நிலை வந்துவிட்டால், அதிகபட்சம் 3 வாரத்துக்குள் நிர்வாக இயக்குநர் திவால் மனு கொடுத்தாக வேண்டும். "போன மாசம்தான் வந்தேன்" என்பதெல்லாம் எடுபடாது. வழக்கு வந்தால் இயக்குநருக்குக் கைகொடுக்கும் இயக்குநர் பொறுப்புக் காப்பீட்டுப் பாலிசி கைக்கு வராமல் பதவி ஏற்காதீர்கள்.

திருப்பூர் வாசகர்: முதல் நாள் என்ன செய்வீர்கள்?

பேங்க் பேலன்ஸ் பார்ப்பேன். அடுத்து 13 வாரப் பண அட்டவணை: எந்த வாரம் யாரிடமிருந்து எவ்வளவு வரும், யாருக்கு எவ்வளவு போகும். 13 வாரம் என்பது ஒரு காலாண்டு. சம்பளம், வாடகை, வரி, வட்டி எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும். அதற்கு மேல் போட்டால் ஜோசியம்.

ஒரு தொழிற்சாலையில் விற்பனைப் பிரிவு கொடுத்த வரவுக் கணக்கை அப்படியே நம்பி அட்டவணை போட்டேன். மூன்றாவது வாரமே சம்பளத்துக்குத் துண்டு விழுந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. பில் போட்ட தேதியையே பணம் வரும் தேதியாக எழுதியிருந்தார்கள், நானும் கேட்காமல் விட்டேன். அதிலிருந்து, பாக்கி வைத்திருக்கும் பெரிய வாடிக்கையாளர்களுக்கு நானே போன் போடுகிறேன். வாராவாரம் எழுதியதையும் நடந்ததையும் ஒப்பிடுவேன். அந்த வித்தியாசம் குறையக் குறையத்தான் வங்கிக்காரர் நம்மை நம்புவார்.

சென்னை வாசகர்: எம்பிஏ முடித்திருக்கிறேன். நேரடியாக வரலாமா?

தலைமைப் பதவிக்கு முடியாது. ஆல்வாரெஸ் அண்ட் மார்சல், அலிக்ஸ்பார்ட்னர்ஸ் போன்ற கம்பெனி மீட்பு ஆலோசனை நிறுவனங்களில் கீழ்மட்டத்தில் சேர்ந்து எக்செல்லோடு மல்லுக்கட்டலாம்.

ஈரோடு வாசகி: பி.காம். படிக்கிறேன். இதற்கு என்ன படிக்கணும்?

முதலில் சி.ஏ. மற்றது மேலே சென்னை வாசகருக்குச் சொன்னதுதான்.

துபாய் வாசகர்: இந்தியாவில் திவால் வழக்கின்போது கம்பெனியை நடத்தும் ரெசல்யூஷன் புரொஃபஷனலும் இதே வேலைதானா?

பக்கத்து வீடு. அங்கே நியமனம் என்சிஎல்டி (தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) வழியாக வரும், இயக்குநர் குழுவின் அதிகாரம் நின்றுவிடும். என்னைக் கூப்பிடுவது இயக்குநர் குழுவோ, கடன் கொடுத்தவர்களின் நெருக்குதலோ. அந்த வேலைக்கான தேர்வு விவரங்களுக்கு ஐபிபிஐ (இந்திய நொடிப்பு, திவால் வாரியம்) தளம்.

சிங்கப்பூர் வாசகர்: கவிழ்ந்த கிரிப்டோ சந்தை எஃப்டிஎக்ஸில் தலைவராக வந்த ஜான் ரே மணிக்கு 1,300 டாலர் வாங்கினார். பணத்தைத் தொலைத்தவர்கள் வயிற்றில் அடித்தா?

2022 நவம்பர் 11-ல் அவர் உள்ளே போனபோது, எந்தெந்த வங்கியில் கணக்கு இருக்கிறது என்ற முழுப் பட்டியல்கூட இல்லை. செலவுக்கான ஒப்புதல் சாட்டில், எமோஜியில்! கணக்கு மோசடியில் கவிழ்ந்த அமெரிக்க எரிசக்திக் கம்பெனி என்ரானின் மிச்சங்களைப் பைசல் செய்த அவரே, நிர்வாகக் கட்டுப்பாடு இவ்வளவு முழுதாகக் குலைந்து தன் தொழிலில் கண்டதில்லை என்று நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தார். 2024 அக்டோபரில் நீதிமன்றம் ஏற்ற திட்டத்தில் பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு 100 சதவீதத்துக்கும் மேல் திரும்பத் தர ஏற்பாடு. அந்த ஆளுக்கு 1,300 அதிகமில்லை.

அதே வாசகர்: 100 சதவீதம் 2022 நவம்பர் விலையில்! பிட்காயின் அதற்குப் பிறகு எங்கே போனது?

கோபம் நியாயமானது. ஆனால் மனு போட்ட நாளின் மதிப்பில் கணக்கிடச் சொல்வது அமெரிக்கத் திவால் சட்டம், ரே அல்ல.

கோவை வாசகர்: ஜப்பான் ஏர்லைன்ஸில் இனமோரி சம்பளமே வாங்கவில்லையே?

இதை எதிர்பார்த்தேன். கியோசெரா என்ற எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியைத் தொடங்கிய கசுவோ இனமோரி, 2010-ல் திவாலான ஜப்பான் ஏர்லைன்ஸுக்கு அதே ஆண்டு 78 வயதில் தலைவரானார், சம்பளம் இல்லாமல். 2012 செப்டம்பரில் கம்பெனி மறுபடி பங்குச் சந்தைக்கு வந்தது. மலைப்பான காரியம். பிரிவுகளைச் சிறு குழுக்களாக உடைத்து, ஒவ்வொன்றும் தன் வரவு செலவைத் தானே பார்க்க வைத்தார். ஆனால் அரசு சார்ந்த அமைப்பு 35,000 கோடி யென் போட்டது, கடன் தள்ளுபடி வேறு. சுமார் 16,000 பேர் வேலையும் போனது. தலைவர் சம்பளத்தை விட்டுக்கொடுத்தும் அதைத் தடுக்க முடியவில்லை. அவர் ஏற்கெனவே பெரும் பணக்காரர். நான் இல்லை.

சேலம் வாசகி: கடைசியில் ஆட்குறைப்புதானே உங்கள் தொழில்?

அதை மட்டுமே தெரிந்தவர் கதை: 'செயின்சா ஆல்' என்ற ஆல்பர்ட் டன்லப், 1996-ல் அமெரிக்க வீட்டு உபகரணக் கம்பெனி சன்பீமுக்குத் தலைவரானார். பாதிப்பேரைக் குறைப்பதாக அறிவித்தார், பங்கு பறந்தது. 1998-ல் அவரே வெளியே. ஏற்கெனவே வெளியிட்ட கணக்குகளையே திருத்தி வெளியிட வேண்டியதாயிற்று. 2001-ல் கம்பெனி திவால்.

நெல்லை வாசகர்: பி.எல். முடித்தவர் வரலாமா? என்ன படிக்கணும்?

ரே வக்கீல்தான். படிப்புக் கேள்விக்கு இனிமேல் பதில் கிடையாது.

ஓசூர் வாசகர்: ஒரு கம்பெனியில் திங்கட்கிழமை சேரச் சொல்கிறார்கள். பாலிசியைப் பிறகு எடுத்துத் தருவார்களாம்.

திங்கட்கிழமை போகாதீர்கள்.