எழுதினால் அழுகை வருகிறது, தொடரலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறேன். கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து ஒன்றரை வருடமாகிறது. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு வேலூர் அழைத்துப் போகிறேன். ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு மகளின் பழைய நோட்டில் கவிதை மாதிரி எழுதுவேன். பத்தாவது வரைதான் படித்தேன், எதுகை மோனை எல்லாம் தெரியாது. எழுதினால் மனசு லேசாகும் என்கிறார்கள். எனக்கு அழுகைதான் வருகிறது, தூக்கமும் போய்விடுகிறது. தொடரலாமா, விட்டுவிடவா? மகள் பேஸ்புக்கில் போடச் சொல்கிறாள். போடலாமா?

பதில்: தொடருங்கள் அம்மா. ஆனால் ராத்திரியில் வேண்டாம்.

அழுகையைப் பார்த்து முதலில் பயப்படாதீர்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம் எழுத வைத்தார். சிலர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். சிலர் தங்களை மிகவும் வருத்திய சம்பவத்தை, நடந்ததையும் அப்போது மனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு பார்த்தால், வருத்தத்தை எழுதியவர்கள்தான் அதிகம் வாடியிருந்தார்கள். ஆனால் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரைத் தேடிக் குறைவாகப் போனவர்களும் அவர்களே. அன்றைக்கு அழுவதும் பிறகு தெளிவதும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை. பின்னாளில் இப்படிப்பட்ட 146 ஆய்வுகளைச் சேர்த்து 2006-ல் கணக்குப் பார்த்தார்கள். பயன் உண்டு, ஆனால் சராசரியாகச் சிறியது என்று தெரிந்தது. அவற்றில் பெரும்பாலானவை உரைநடையாக எழுதியவை. கவிதை மருந்துக்குச் சமம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய பக்கங்களை இரண்டு முறை படித்தேன். முதல் பக்கத்தில் ‘என் வாழ்க்கை இருண்டது, இறைவா ஏன் என்னைச் சோதிக்கிறாய்’ என்று தொடங்குகிறீர்கள். அடுத்த பக்கத்திலும் அதே இருள், அதே சோதனை. ஆறாவது பக்கத்திலும் அதுதான். கடைசித் தாளின் ஓரத்தில், ‘இதுல கீதுன்னு வந்துடுச்சு, கவிதை இல்லன்னு விட்டுட்டேன்’ என்ற குறிப்போடு மூன்று வரி இருந்தது:

சொம்பு நெறைய தண்ணி கீது.
அவரு பாக்கறாரு.
நான் கதவு மறைவுல நின்னு குடிக்கிறேன்.

அம்மா, இதுதான் கவிதை. டயாலிசிஸில் இருப்பவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. சிறுநீராக வெளியேற வேண்டிய நீர் உடம்பிலேயே தங்கி, காலை வீங்க வைக்கும், மூச்சை முட்ட வைக்கும். வேலூர் வெயிலில் அந்த அளவோடு ஒருவர் வாழ்வதென்றால் என்ன, பக்கத்தில் இருப்பவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கூசுவதென்றால் என்ன என்பதெல்லாம் உங்கள் மூன்று வரியில் இருக்கிறது. துக்கம் என்ற வார்த்தை இல்லை. பாசம், பயம் என்ற வார்த்தைகளும் இல்லை. புறநானூற்றில் பாரி மகளிர் பாடியதும் ஐந்தே வரிதான். அன்றைக்கு நிலா இருந்தது, அப்பா இருந்தார், எங்கள் குன்றும் எங்களிடம் இருந்தது; இன்றைக்கும் நிலா இருக்கிறது, குன்றும் இல்லை, அப்பாவும் இல்லை. அழுதோம் என்று அவர்கள் சொல்லவே இல்லை.

‘கீது’ என்பதை ‘இருக்கிறது’ என்று திருத்திவிடாதீர்கள். வடாற்காட்டு வாய்க்கு அதுதான் இயல்பு. நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழியில் எழுதினால்தான், எழுதுவது உங்களைப் போய்ச் சேரும். எதுகை மோனை தானாக வந்தால் வரட்டும்.

எழுத்து உதவுகிறதா, ஒரே இடத்தில் சுழல்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நோட்டைப் பத்து நாளுக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்கள். புதிதாக ஏதாவது பொருள், ஆள், இடம் உள்ளே வந்திருக்கிறதா? ‘அதனால்தான்’, ‘இப்பத்தான் புரியுது’ போன்ற சொற்கள் எட்டிப் பார்க்கின்றனவா? எல்லா வரியும் ‘நான்’, ‘என்’ என்றே இருக்கிறதா, அவரும் மகளும் நடுவில் வருகிறார்களா? எழுதித் தேறியவர்களின் எழுத்தில் இந்த மாற்றங்களைப் பென்னிபேக்கரும் அவரோடு வேலை செய்தவர்களும் கவனித்தார்கள். உங்கள் ஆறு பக்கமும் சுழல்கிறது. சொம்பு நகர்கிறது.

இனி நேரம். என் பாட்டிக்கு வந்தவாசிப் பக்கம். ஊரில் இழவு விழுந்தால் ஒப்பாரிக்கு முதலில் அவரைத்தான் தேடுவார்கள். பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்காருவார்கள். செத்தவரைப் பேர் சொல்லி, முறை சொல்லி அழுவார்கள். அதற்கு நடுவே ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக் கவலையையும் சேர்த்து அழுதுவிடுவாள். சின்ன வயதில் என் மனதில் பதிந்தது அந்தப் பாட்டு முடியும் விதம். யாராவது ஒருத்தி தண்ணீர்ச் சொம்போடு வந்து, ‘போதும், எழுந்திரும்மா’ என்று தோளைத் தொடுவாள். நள்ளிரவில் தனியாக எழுதும் உங்களுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. உங்கள் தூக்கம் போவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் எழுதும் வேலையைப் பகலுக்கு மாற்றுங்கள். டயாலிசிஸ் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் ஓடும். வெளியே பெஞ்சில்தானே உட்கார்ந்திருப்பீர்கள்? அங்கே 15 நிமிடம் எழுதுங்கள். செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அடித்ததும் பாதி வரியாக இருந்தாலும் நோட்டை மூடிவிட்டு எழுந்து போய் ஒரு டீ குடியுங்கள். வாரம் இரண்டு தடவை போதும். எழுத எழுத நெஞ்சு தாங்காது என்று தோன்றினால் அன்றைக்கு அந்த விஷயத்தை விட்டுவிடுங்கள். பள்ளிகொண்டாவில் பஸ்ஸில் ஏறிய பூக்காரியைப் பற்றி எழுதுங்கள்.

பேஸ்புக்கைப் பொறுத்தவரை, இப்போது வேண்டாம் என்பேன். அந்த ஆய்வுகளில் எழுதியதைப் பாராட்ட ஆள் இருக்கவில்லை, பயன் அதில்லாமலேயே வந்தது. லைக் வராத நாளில் மனசு ஒடிவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அதோடு அந்த நோய் உங்கள் கணவருடையதும்கூட. அவர் தாகத்தை ஊருக்குச் சொல்ல அவரிடம் கேட்க வேண்டும். மூன்று மாதம் கழித்து, அவர் சரி என்றால் பார்க்கலாம். மகளுக்குப் படித்துக் காட்டலாம், விருப்பமில்லாத பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போடலாம். இரண்டுமே சரிதான்.

எழுத்தால் ஆகாத வேலைகளும் உண்டு. வாரத்தில் ஒரு நாளாவது அவரோடு வேலூர் போக மைத்துனரையோ மகளையோ கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கு இடம் உண்டு. இன்னும் சேரவில்லை என்றால் மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு உதவி மையத்தில் விசாரியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் சரியில்லை என்றாலோ, செத்துப் போகலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலோ, நோட்டை நம்பி உட்காராதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) தொலைபேசி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்திலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். எப்படியும் வேலூருக்கு வருகிறீர்கள், ஒரு நாள் எட்டிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த முறை பெஞ்சில் உட்காரும்போது, அந்த மூன்று வரியை அவர் பக்கத்திலிருந்து எழுதிப் பாருங்கள். சொம்பைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர் கண்ணில் வேறு என்னென்ன படுகிறது? கதவுக்குக் கீழே உங்கள் கால் தெரிகிறதா?