‘லினக்ஸுக்கும் ஆகும்’ என்று பெட்டியில் போட்டிருந்தால் நம்பலாமா?

(கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இங்கே உள்ள இடைவெளிகளை மட்டும் விட்டு அடியுங்கள்.)

கேள்வி: 600 ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கினேன். பெட்டியில் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஆகும் என்று போட்டிருக்கிறது. டெபியன் 12 லினக்ஸ் இருக்கும் கம்ப்யூட்டரில் செருகினால் ஒன்றுமே நடக்கவில்லை. கடைக்காரர் “எங்க மெஷின்ல ஓடுது சார், ரிட்டர்ன் கிடையாது” என்கிறார். பொருளில் கோளாறா, என் கம்ப்யூட்டரிலா?

பதில்: பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. முதலில் டாங்கிளைச் செருகி எல்எஸ்யுஎஸ்பி என்று அடித்துப் பாருங்கள். வரும் பட்டியலில் புதிதாக ஒரு வரி இருந்தால் பொருளுக்கு உயிர் இருக்கிறது. எந்த போர்ட்டில் செருகினாலும் அந்த வரி வராவிட்டால்தான் அது செத்த டாங்கிள். அப்படியென்றால் பேச்சே வேண்டாம், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வரி வருகிறது, ஆனால் அதில் வைஃபை என்றில்லாமல் ‘டிஸ்க்’ என்று இருக்கிறதா? மலிவு டாங்கிள்கள் பலவற்றில் இந்த வேடிக்கை உண்டு. விண்டோஸ் டிரைவரை உள்ளேயே வைத்து, செருகியவுடன் தன்னை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொள்ளும். பைல் மேனேஜரில் தெரியும் அந்த சிடியை எஜெக்ட் செய்யுங்கள், சில நொடிகளில் டாங்கிள் தன் உண்மையான வேஷத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு முறையும் இதைச் செய்யாமலிருக்க ‘யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச்’ என்ற பேக்கேஜைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி சிப்பின் பெயரைப் பாருங்கள். பெட்டி மேல் இருக்கும் பிராண்டால் பயனில்லை, உள்ளே இருக்கும் சிப்தான் கணக்கு. ரியல்டெக் 8811சியு அல்லது 8821சியு என்று இருந்தால், அதற்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் வந்தது 6.2 பதிப்பில். டெபியன் 12-இன் கர்னல் 6.1. ஒரே ஒரு படி கீழே! பேக்போர்ட்ஸ் (இருக்கும் டெபியனுக்கே புதிய மென்பொருள் தரும்) களஞ்சியத்தை இயக்கி 6.12 கர்னலை நிறுவினால் அந்த டாங்கிள் ஓடிவிடும்.

சியு அல்ல, ‘ஏயு’ என்று இருந்தால் கதை வேறு. 8811ஏயு, 8821ஏயு, 8812ஏயு மூன்றுக்கும் கர்னலிலேயே டிரைவர் வந்தது 6.14-இல்தான். டெபியன் 13-இல்கூட 6.12 கர்னல்தான் என்பதால் அங்கேயும் தானாக ஓடாது. உபுண்டு 24.04-இல் புது வன்பொருளுக்கான கர்னல் வரிசை 6.14-ஐத் தாண்டிவிட்டது, அதில் ஓடும். ஒரு எழுத்து வித்தியாசத்துக்கு இவ்வளவு அலைச்சல்.

டிரைவர் இருந்தும் ஓடவில்லையா? ‘சூடோ’ (நிர்வாகி உரிமை தரும் சொல்) முன்னால் போட்டு டிமெசேஜ் (டி, எம், இ, எஸ், ஜி என்று ஐந்தே எழுத்து) அடித்துக் கடைசிப் பத்து வரிகளைப் படியுங்கள். ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஏற்றும் மென்பொருள்) ஏற்ற முடியவில்லை, பிழை -2 என்று இருந்தால், அந்த -2-க்குப் பொருள் ‘கோப்பு இல்லை’ என்பது மட்டுமே. டெபியனில் ஃபர்ம்வேர்-ரியல்டெக் பேக்கேஜைப் போட்டு, டாங்கிளைக் கழற்றி மாட்டினால் தீர்ந்தது.

பெட்டியோடு வரும் குறுந்தகட்டு டிரைவரை மட்டும் தொடாதீர்கள். ‘லினக்ஸுக்கு ஆகும்’ என்பதன் கீழே பொடி எழுத்தில் ‘கர்னல் 2.6 முதல் 4.4 வரை’ என்பதுபோல் எழுதியிருப்பார்கள். கர்னலின் உள் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். மாறாமல் காப்போம் என்று கர்னல்காரர்கள் யாருக்கும் வாக்குக் கொடுத்ததே இல்லை. உதாரணத்துக்கு, பழைய டிரைவர்கள் எல்லாம் டைமர் வைக்கப் பயன்படுத்திய ‘இனிட்-டைமர்’ என்ற ஃபங்ஷன் 4.15-இலேயே எடுக்கப்பட்டுவிட்டது. அந்தக் குறுந்தகட்டு டிரைவரை இன்று கம்பைல் செய்தால் (மூல நிரலிலிருந்து கட்டினால்) முதல் நிமிடத்திலேயே ‘அறிவிக்கப்படாத ஃபங்ஷன்’ என்று நின்றுவிடும். உங்கள் தவறு அல்ல.

கடைக்காரர் விஷயம். பில் வாங்கினீர்களா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-இன்படி குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமலிருப்பதும் அப்படியே. பெட்டியில் கர்னல் பதிப்பு எதையும் சொல்லாமல் வெறுமனே ‘லினக்ஸ்’ என்றிருந்தால் உங்கள் வாதத்துக்கு வலு உண்டு. ‘4.4 வரை’ என்று அச்சிட்டிருந்தால் வாதம் பலவீனம்தான். முதலில் எழுத்தில் கேளுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை என்றாலும், 600 ரூபாய்க்கு அந்த அலைச்சல் தேவையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை மீடியாடெக் 7612யு சிப் உள்ளதாக வாங்குங்கள். கர்னல் 4.19 முதலே டிரைவர் உள்ளே இருக்கிறது. வைஃபை 6 வேண்டுமென்றால் 7921ஏயு, அதற்கு 5.18 போதும். விலை இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். இன்னொன்று, மாடல் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் ஏதெராஸ் 9271, இரண்டாம் பதிப்பு முதல் ரியல்டெக் 8188இயுஎஸ். பெயர் ஒன்று, படம் ஒன்று, உள்ளே வேறு சரக்கு. அட்டையில் ‘வெர்ஷன்’ எண்ணைப் பார்த்தே பணம் கொடுங்கள்.

கேள்வி: கடையில் டிரைவர் எல்லாம் போட்டுத்தான் லேப்டாப்பைக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு அப்டேட் செய்தேன், வைஃபை காணோம். மறுபடி போட 500 ரூபாய் கேட்கிறார்கள்.

பதில்: கொடுக்காதீர்கள். அடுத்த அப்டேட்டில் மறுபடி 500 கேட்பார்கள். கர்னலுக்கு வெளியே இருந்து கொண்டுவந்த டிரைவரைப் போட்டிருக்கிறார்கள். கர்னல் மாறும்போது அதையும் புதிதாகக் கம்பைல் செய்தாக வேண்டும்.

உடனடி வழி: கணினி தொடங்கும்போது எதில் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள், வைஃபை வந்துவிடும். அல்லது போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள். அதற்கு வேண்டிய டிரைவர் கர்னலிலேயே உண்டு.

நிரந்தர வழி: கர்னல் மாறும்போதெல்லாம் வெளி டிரைவரைத் தானே கம்பைல் செய்யும் கருவி டிகேஎம்எஸ். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று அடியுங்கள். உங்கள் டிரைவர் பட்டியலில் இல்லையென்றால் கையால் நிறுவியிருக்கிறார்கள், டிகேஎம்எஸ் வழியாக மறுபடி போட வேண்டும். பட்டியலில் இருந்தும் புதுக் கர்னலுக்கு ‘இன்ஸ்டால்டு’ என்று காட்டாவிட்டால், அநேகமாக அந்தக் கர்னலின் ஹெடர்ஸ் பேக்கேஜ் (கம்பைல் செய்ய வேண்டிய கோப்புகள்) இல்லை. ‘இன்ஸ்டால்டு’ என்று காட்டியும் மாட்ப்ரோப் கட்டளையால் டிரைவரை ஏற்றும்போது சாவி மறுக்கப்பட்டது என்று பிழை வந்தால் அது செக்யூர் பூட்டின் (நம்பகமான கையொப்பம் இல்லாத டிரைவரைத் தடுக்கும் அமைப்பின்) வேலை. டெபியனில் சூடோ மாக்யூட்டில் --இம்போர்ட் /வார்/லிப்/டிகேஎம்எஸ்/மாக்.பப் என்று கொடுத்து, ஒரு தற்காலிகக் கடவுச்சொல் வைத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். நீலத்திரை வரும். அதில் ‘என்ரோல் மாக்’ தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பலர் அந்தத் திரையைப் பார்த்துப் பயந்து ‘கன்டினியூ’ அடித்துவிடுகிறார்கள், சாவி பதியாமலே போய்விடும்.

கேள்வி: லினக்ஸுக்காகப் பழைய லேப்டாப் ஒன்று பார்த்திருக்கிறேன், ஜிடிஎக்ஸ் 1050 கிராபிக்ஸ். கடையில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில்: கிராபிக்ஸுக்காக என்று கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அது பாஸ்கல் தலைமுறை. என்விடியா டிரைவரில் 580 வரிசைதான் அதற்குக் கடைசி. என்விடியாவின் திறந்த மூலக் கர்னல் மாட்யூல்கள் (கர்னலில் ஏறும் டிரைவர் துண்டுகள்) பிந்தைய ட்யூரிங் தலைமுறையிலிருந்துதான். கர்னலிலேயே உள்ள நுவோ டிரைவரில் ஓடும், ஆனால் வேகம் குறைந்த நிலையிலேயே மாட்டிக்கொள்ளும்.

கடைக்கு ஒரு லைவ் பென்டிரைவோடு (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) போங்கள். வைஃபையும் சத்தமும் எல்லாரும் பார்ப்பார்கள். மூடியை மூடிப் பத்து நிமிடம் வைத்துத் திறந்து, திரை வருகிறதா, பேட்டரி எத்தனை சதவீதம் இறங்கியது என்று பாருங்கள். கைரேகை ரீடரை வேலை செய்யாது என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள், ஓடினால் லாபம்.

இன்டெல் 12-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தைய மெல்லிய மாடல்களும் என்றால் கேமராவில் கவனம். எல்எஸ்யுஎஸ்பி பட்டியலில் கேமரா வந்தால் கவலையில்லை. அங்கே இல்லாமல் எல்எஸ்பிசிஐ பட்டியலில் ‘ஐபியு’ என்று ஏதாவது இருந்தால் அது வேறு ரகம். அதன் அடிப்படை டிரைவர் கர்னல் 6.10-இல்தான் சேர்ந்தது, அதற்கு மேல் லிப்கேமரா என்ற மென்பொருளும் வேண்டும். வீடியோ காலுக்கு நம்ப முடியாது.

இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றால் பழுதென்று நினைக்காதீர்கள். பயாஸில் டிஸ்க்கைக் கையாளும் முறை விஎம்டி அல்லது ரெய்ட் என்று இருக்கும், ஏஎச்சிஐ-க்கு மாற்றினால் தெரியும். விண்டோஸையும் வைத்துக்கொள்வதென்றால் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரெக்கவரி சாவியை எழுதி வைத்த பிறகு, விண்டோஸை சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள். இல்லையேல் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும்.

கேள்வி: பிரிண்டர்?

பதில்: ஏர்பிரிண்ட் என்று போட்டிருக்கும் எதையும் வாங்கலாம், டிரைவரே வேண்டாம். இதற்கும் கர்னலுக்கும் தொடர்பு குறைவு, எல்லாம் கப்ஸ் என்ற அச்சு மென்பொருள் பார்த்துக்கொள்ளும். பழைய எச்பி லேசர்ஜெட் 1020 கிடைத்தால் கொஞ்சம் யோசியுங்கள். ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் ஃபர்ம்வேரை அதற்குள் ஏற்ற வேண்டும், எச்பியின் லினக்ஸ் மென்பொருளான எச்பிலிப்பின் பதிப்பு மாறினால் பிளகினையும் மாற்ற வேண்டும்.

கேள்வி: புது லேப்டாப்பில் டச்பேட் திடீர் திடீரென்று உறைகிறது. கடைக்குப் போவதா, கர்னல்காரர்களுக்கு எழுதுவதா?

பதில்: முந்தைய கர்னல் உள்ள ஒரு லைவ் பென்டிரைவில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அங்கேயும், விண்டோஸிலும் உறைந்தால் வன்பொருள்தான், கடைக்குப் போங்கள். பழையதில் சரியாக ஓடிப் புதியதில் மட்டும் உறைந்தால், கர்னல்காரர்கள் முன்பு ஓடியதை உடைத்திருக்கிறார்கள். இந்த வகைப் புகாரை அவர்கள் தட்டிக்கழிப்பதில்லை.

எழுதுமுன் /ப்ராக்/சிஸ்/கெர்னல்/டெயின்ட்டட் என்ற கோப்பைப் பாருங்கள். 0 என்றால் எழுதலாம். 4096 என்றால் வெளி டிரைவர் ஒன்று ஏறியிருக்கிறது, 4097 என்றால் அது மூடிய மூல டிரைவர். அதை நீக்கி, பிழையை மறுபடி வரவழைத்த பிறகே எழுதுங்கள்.

எந்த மாற்றம் உடைத்தது என்றும் கண்டுபிடித்துத் தந்தால் வேலை சீக்கிரம் முடியும். இரு பதிப்புகளுக்கிடையே பன்னிரண்டு, பதின்மூன்றாயிரம் மாற்றங்கள் இருக்கும். கிட் பைசெக்ட் என்ற கட்டளை பாதிபாதியாக வெட்டிக்கொண்டே போவதால் சுமார் 14 முறை கம்பைல் செய்தால் ஒன்றில் வந்து நிற்கும். லோக்கல்மாட்கான்ஃபிக் என்ற கம்பைல் அமைப்பைப் போட்டால் ஏற்கெனவே ஏறியிருக்கும் மாட்யூல்கள் மட்டுமே கட்டப்படும், நேரம் வெகுவாகக் குறையும். ஆனால் அதை ஓட்டும்போது டாங்கிள், வெப்கேம், பென்டிரைவ் எல்லாம் செருகியிருக்க வேண்டும். செருகாத சாதனத்துக்குப் புதுக் கர்னலில் டிரைவர் இருக்காது, அதை இன்னொரு பிழை என்று நினைத்துக் குழம்புவீர்கள்.

புதுக் கர்னல் பதிப்பு வருவது ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை. கடையின் மாற்றுக் காலம் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள். எனவே வன்பொருளா இல்லையா என்ற முதல் சோதனையை, பில் கையில் சூடாக இருக்கும்போதே செய்துவிடுங்கள்.